அந்த வரியை வெட்டச் சொல்ல நீங்கள் யார்?

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் காலம் தொடங்கினால் எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அதே பேச்சுத்தான். இந்த நேரம் பார்த்துக் கல்வி ஆலோசகர் ஒருவர் எழுதிய கட்டுரை கைக்குக் கை மாறி, திருகோணமலை மாவட்டத்தில் எங்கள் இலங்கைத்துறை வரை வந்து சேர்ந்திருக்கிறது. கொழும்பு, மொறட்டுவை, பேராதனை ஆகியவற்றை எழுதுங்கள், அவற்றோடு நிறுத்துங்கள் என்கிறார். வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் கோணேசபுரியில் உள்ள அதன் திருகோணமலை வளாகத்தையும் "எதற்கும் இருக்கட்டும்" என்று அடியில் எழுதக் கூடாதாம். எழுதினால் பிள்ளையை அங்கேயே தள்ளிவிடுவார்களாம். மேலே கிடைக்காவிட்டால் கொழும்பில் காசு கட்டிப் படிக்கலாமாம்.

இந்த ஆலோசனை தொடக்கம் முதல் முடிவு வரை பிழை. பல வருடமாக ஈச்சிலம்பற்றுப் பிள்ளைகளுக்கு அருகில் இருந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். கொழும்பில் வீடும் வங்கியில் பணமும் உள்ள குடும்பம் இந்தப் பிழையின் விலையைக் கொடுத்துவிட்டு எழுந்து நடக்கும். வெருகல் கரையில் வலை வீசுகிறவனின் பிள்ளை எழும்பாது.

முதலில், தள்ளிவிடுவார்கள் என்ற பயத்தைப் பார்ப்போம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு பிள்ளையின் இசட் புள்ளி, பாடப் பிரிவு, மாவட்டம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை எழுதிய விருப்பப் பட்டியலை முதல் வரியிலிருந்து பார்க்கிறது. முதல் வரிக்குப் புள்ளி போதுமானால் கதை அங்கேயே முடிந்துவிடும். போதாவிட்டால் இரண்டாம் வரி, அதுவும் போதாவிட்டால் மூன்றாம் வரி. இருபதாவது வரியில் கோணேசபுரி இருப்பதால் முதல் வரியில் உள்ள கொழும்பு கைநழுவிப் போக வழியே இல்லை. மேலே உள்ள அத்தனை கதவும் மூடிய பிறகுதான் கீழே உள்ள வரிக்கு வேலை வரும். அந்த நேரத்தில் அந்த வரி இல்லாவிட்டால் அந்த வருடம் பிள்ளை வீட்டில்.

பட்டியலில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. அதை ஆலோசகர் சொல்லவே இல்லை. சில பிள்ளைகள் விரும்புகிற ஒழுங்கில் எழுதாமல், கிடைக்கும் என்று தாங்கள் கணக்குப் போட்ட ஒழுங்கில் எழுதுகிறார்கள். பேராதனைக்குப் போக ஆசைப்படும் பிள்ளை, "அது கிடைக்காது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதற்கு மேலே வேறொன்றைப் போட்டுவிடுகிறது. பிறகு பேராதனைக்குப் போதுமான புள்ளி இருந்தும் மேலே போட்டதுதான் கிடைக்கிறது. இதற்கு மருந்து ஒழுங்கைத் திருத்துவது. அடியில் உள்ள வரிகளை வெட்டுவது அல்ல. ஒழுங்குப் பிழையைக் காட்டிப் பட்டியலையே குறுக்கச் சொல்பவருக்கு விண்ணப்பம் எப்படி வேலை செய்கிறது என்றே தெரியவில்லை. தெரிந்தும் அப்படி எழுதியிருந்தால் அது அதைவிடக் கேவலம்.

அடுத்தது, உள்ளூர்க் கம்பஸ் எப்படியும் கிடைக்கும், அடுத்த வருடமும் இருக்கும் என்ற அவருடைய வாதம். ஒவ்வொரு வருடமும் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறும் பிள்ளைகள் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். அனுமதி பெறுவோர் ஐம்பதாயிரத்தைத் தொடுவதில்லை. மூன்று பாடத்திலும் சித்தியடைந்து, பொது அறிவுப் பரீட்சையில் 30 புள்ளியும் எடுத்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் வெளியே நிற்கிறார்கள். வெட்டுப்புள்ளி கற்கைநெறிக்குக் கற்கைநெறி, மாவட்டத்துக்கு மாவட்டம், வருடத்துக்கு வருடம் மாறுகிறது. போன வருடப் புள்ளியைப் பார்த்து இந்த வருடம் நிச்சயம் என்று எந்தக் கம்பஸையும் சொல்ல முடியாது, கோணேசபுரி உட்பட. அப்படியிருக்க ஒரு வரியை வெட்டச் சொல்வதா? கோணேசபுரியோடு வந்தாறுமூலை, ஒலுவில், யாழ்ப்பாணம், வவுனியா எல்லாவற்றையும் எழுதச் சொல்ல வேண்டிய நேரம் இது. உயர்தரப் பரீட்சைக்கு இருப்பது மூன்று வாய்ப்புத்தான். ஒன்றை வீம்புக்குக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றி ஆலோசகர் ஒரு சொல்லும் எழுதவில்லை. கலைப் பிரிவுத் தெரிவு அகில இலங்கைத் திறமை வரிசையில் நடக்கிறது. மற்றப் பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் நாடு முழுவதற்குமான திறமைக்கும், 55 சதவீதம் சனத்தொகைக்கு ஏற்ப மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பிரிக்கப்படுகின்றன. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் தொடங்கியபோது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு நடந்த அநியாயத்தை நான் மறுக்கவில்லை. அந்தக் காயம் எங்கள் அரசியலையே மாற்றியது. ஆனாலும் இன்று விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்த ஈச்சிலம்பற்றுப் பிள்ளைக்குச் சட்டப்படி திறந்திருக்கும் கதவு இந்த ஒதுக்கீடுதான். வாசலில் நின்றுகொண்டு அந்தக் கதவைத் தட்டாதே என்று சொல்வது ஆலோசனை ஆகாது.

ஆலோசகர் அடுக்கும் குறைகள் அரச பல்கலைக்கழகங்களில் இல்லை என்று நான் சொல்லவில்லை. வேலைநிறுத்தம் உண்டு. 2012இல் விரிவுரையாளர்கள் நூறு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024இல் கல்விசாரா ஊழியர் போராட்டம் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. பட்டம் பிந்துகிறது. பகிடிவதையைத் தடுக்க 1998இலேயே சட்டம் வந்தும் அது ஒழியவில்லை. 2017இல் மட்டக்களப்பில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் தெருவோரத்தில் இருந்ததை எல்லோரும் கண்டோம். இவை அத்தனையும் உண்மை. ஆனால் கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் இதே வேலைநிறுத்தம்தான், பேராதனையிலும் இதே பகிடிவதைதான். அவற்றை முதல் வரியில் எழுதச் சொன்னவர் கோணேசபுரியை மட்டும் வெட்டுவதற்கு இந்தக் காரணங்களை எடுத்தது நேர்மை அல்ல.

தனியார் படிப்பில் தாமதமே இல்லை என்கிறார். மாலபேயின் சைட்டம் மருத்துவக் கல்லூரியை மறந்துவிட்டாரா? இலட்சக்கணக்கில் கட்டணம் செலுத்திப் படித்த பிள்ளைகள், தங்கள் பட்டத்தை மருத்துவ சபை ஏற்குமா இல்லையா என்று நீதிமன்றத்துக்கும் தெருவுக்கும் அலைந்தார்கள். 2017இல் அரசாங்கம் அந்த நிறுவனத்தையே இல்லாமல் செய்வதாக அறிவித்தது. பிறகு மாணவர்களைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க வேண்டி வந்தது. காசு கொடுத்தால் காலமும் கூடவே வாங்கலாம் என்ற நம்பிக்கைக்கு அந்தப் பிள்ளைகள் கொடுத்த விலை சிறிதல்ல.

தனியார் நிறுவனங்கள் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. சட்டப்படி பட்டம் வழங்க அங்கீகாரம் பெற்ற, நன்றாகக் கற்பிக்கிற இடங்கள் உண்டு. ஆனால் அந்த அங்கீகாரம் உண்டா, வெளிநாட்டுப் பட்டமானால் மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிற பல்கலைக்கழகத்தினதா என்று கேட்டுப் பார்க்கும்படி கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. விளம்பரத்துக்கும் ஆலோசனைக்கும் வேறுபாடு இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

வட்டியில்லாக் கடன் இருக்கிறதே என்கிறார். 2017இல் அரசு தொடங்கிய அந்தத் திட்டம் சிலருக்கு உதவியது உண்மை. ஆனால் வட்டி இல்லாவிட்டாலும் கடன் கடன்தான், முதலைத் திருப்பிக் கட்டியே ஆகவேண்டும். கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு, பயணம் எல்லாம் அதற்கு மேலே. அரச வளாகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கும், இல்லாவிட்டால் உதவிப்பணம் கிடைக்கும். இலங்கைத்துறையில் ஒரு தகப்பன் தோணியை விற்றுத்தான் மகளைக் கொழும்புக்கு அனுப்ப முடியும் என்றால், முதலில் விலையில்லாத வழியை முழுதாகக் கேட்டுப் பார்ப்பதுதான் புத்தி. 1945இல் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது அவருக்கு எதிரே நின்றவர்களும் தரத்தைப் பற்றித்தான் பேசினார்கள். கட்டுரையாளர் தாமும் அந்த இலவசக் கல்வியில் பட்டம் பெற்றவர் என்று பெருமையோடு குறிப்பிடுகிறார். தான் ஏறி வந்த ஏணியை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

கடைசியாக மதிப்பைப் பற்றி. கோணேசபுரியில் படித்தால் மதிப்பில்லை, பிள்ளை ஊருக்குள்ளேயே முடங்கிவிடும் என்கிறார். அங்கே கணினி விஞ்ஞானமும் முகாமைத்துவமும் தொடர்பாடலும் கற்பிக்கிறார்கள். அரச பல்கலைக்கழகங்களில் சித்த மருத்துவப் பட்டம் தருவது யாழ்ப்பாணமும் திருகோணமலை வளாகமும்தான். தமிழரின் மருத்துவத்தைப் பட்டமாகப் படிக்க விரும்பும் பிள்ளைக்குக் கொழும்பில் இடமே இல்லை. தெற்கிலிருந்து வரும் சிங்களப் பிள்ளையும் கிண்ணியாவின் முஸ்லிம் பிள்ளையும் எங்கள் பிள்ளையும் அங்கே ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். உலகம் தெரியாமல் போய்விடும் என்பவர் ஒருமுறை அந்த வளாகம் இருக்கும் நிலாவெளி வீதியில் இறங்கிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

மதிப்பு குறைவு என்றால் அது எதனால் வந்தது என்றும் கேட்போம். கிழக்கின் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1931இல் தமிழ்ப் பேராசிரியராக இருக்கக் கடல் தாண்டி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியிருந்தது. கிழக்குக்கு ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி வர 1981 ஆனது. 1986இல் அது பல்கலைக்கழகமானது. நான்கு வருடத்தில் வந்தாறுமூலை வளாகம் அகதி முகாமாகியது. 1990 செப்டம்பர் 5ஆம் நாள் அந்த முகாமிலிருந்து கொண்டுபோகப்பட்ட 158 பேர் திரும்பி வரவே இல்லை. 2006 டிசம்பரில் துணைவேந்தர் பேராசிரியர் ரவீந்திரநாத் கொழும்பில் கடத்தப்பட்டார். அவரும் வீடு திரும்பவில்லை. அதே 2006இல் வெருகலும் ஈச்சிலம்பற்றும் இலங்கைத்துறையும் ஊரோடு இடம்பெயர்ந்தன. பிள்ளைகள் முகாம் கூடாரத்தில் படித்தார்கள். திரும்பி வந்தபோது வெருகல் ஆற்றில் பாலம் இல்லை, ஓடப்பாதையில் ஏறித்தான் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் போனோம். இத்தனைக்கும் பிறகு எங்களுக்கு மிஞ்சிய பல்கலைக்கழகம் இது. அதன் குறைகளைத் திருத்தச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து குரல் கொடுக்கிறேன். அதன் பெயரை எங்கள் பிள்ளைகளின் பட்டியலிலிருந்து அடிக்கச் சொல்லாதீர்கள்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதுதான். நீங்கள் விரும்பும் ஒழுங்கில் எழுதுங்கள். கொழும்பை முதலில் எழுத ஆசையானால் எழுதுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் உங்கள் பாடப்பிரிவுக்குத் திறந்திருக்கும் எந்த வரியையும் வெறுமையாக விடாதீர்கள். கோணேசபுரியையும் வந்தாறுமூலையையும் எழுதாமல் விண்ணப்பத்தை அனுப்பாதீர்கள். விளங்காவிட்டால் உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள், அல்லது என் வீட்டுக்கு வாருங்கள், இருந்து நிரப்பித் தருகிறேன். அந்த ஒரு வரிக்குக் காசு கட்டத் தேவையில்லை. அதை வெட்டினால் போகும் வருடத்தை எந்தக் காசாலும் திருப்பி வாங்க முடியாது.