செவ்வாய்க்கிழமைக்கு என்ன கொண்டுவந்தீர்கள்?

பள்ளி விடுமுறை முடிந்த வாரத்தில் காலை நிகழ்ச்சி நடத்துவது சுலபம். ‘எங்கே போய் வந்தீர்கள்?’ என்று ஒலிவாங்கியில் ஒரு வரி கேட்டால் போதும், புலனத்தில் குரல் பதிவுகள் கொட்டும். கேமரன் மலை ஸ்ட்ராபெரி, லங்காவி சாக்லெட், ஹட்யாய் துணிமணி, சென்னைப் பட்டுச் சேலை என்று எல்லோரும் வாங்கி வந்ததைச் சொல்வார்கள். கேட்கவே கலகலப்பாக இருக்கும்.

கொஞ்ச காலமாக நான் அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறேன். ‘சரி, செவ்வாய்க்கிழமைக்கு என்ன கொண்டுவந்தீர்கள்?’

திங்கட்கிழமையை விட்டுவிடுவோம். அன்று பயணக் களைப்பு இருக்கும், துவைக்க வேண்டிய துணி இருக்கும், அலுவலகத்தில் கதை சொல்ல ஆள் இருக்கும். செவ்வாய்க்கிழமைதான் உண்மையான நாள். அதே நெரிசல், அதே மேசை, அதே இரவுச் சாப்பாடு. போய் வந்த ஊர் அந்த நாளுக்குள் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? இந்தக் கேள்விக்குப் பலர் சிரித்துவிட்டு, ‘கடன் அட்டை பில்தான்’ என்கிறார்கள். அந்தச் சிரிப்பில் பாதி உண்மை.

நம்மில் பலர் பயணத்தைத் தீபாவளி போல வைத்திருக்கிறோம். வருடத்துக்கு ஒரு முறை, பெரிதாக, கடன் வாங்கியாவது. முடிந்ததும் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அடுத்த வருடத்துக்குக் காத்திருக்கிறோம். அறிவிப்பாளர் சம்பளத்தில் எனக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் நான் சின்னச் சின்னதாகப் போகிறவள். பெரும்பாலும் நம் நாட்டுக்குள், பெரும்பாலும் ரயிலில். அப்படிப் போனதில் என் செவ்வாய்க்கிழமைகள் எப்படி மாறின என்று இந்த வாரம் சொல்கிறேன்.

நம் நாட்டின் கிழக்குக்கரை ரயில் பாதையில் நீங்கள் போயிருக்கிறீர்களா? நெகிரி செம்பிலானில் கெமாஸில் பிரிந்து, பகாங்கைக் கடந்து, கிளந்தானில் தும்பாட்டில் முடிகிறது. 526 கிலோமீட்டர். 1931-இல் முழுமையடைந்த பாதை. ‘காட்டு ரயில்’ என்று பெயர் வாங்கியது. குவா மூசாங் பக்கம் வந்தால் சுண்ணாம்புக் குன்றுகள் ஜன்னலுக்கு நேராக எழுந்து நிற்கும். டாபோங் போன்ற சின்ன நிலையங்களில் காய்கறிக் கூடையோடு ஏறுவார்கள், இரண்டு நிலையம் தள்ளி இறங்குவார்கள்.

இந்தப் பாதைக்கு நம்மோடு ஒரு தொடர்பு உண்டு. ஜப்பானியர் ஆட்சியின்போது இதன் ஒரு பகுதித் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்து, 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அந்த மரண ரயில் பாதைக்குத்தான் நம் தோட்டத்து மக்களையும் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பச்சைப் பசேலென்ற காட்டைப் பார்க்கும்போது இதுவும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பார்க்கிற அழகு அதனால் குறையாது, கொஞ்சம் கனமாகும்.

அந்த ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த மாக் சிக் ஒருவர் என் பெயர்கூடக் கேட்கவில்லை. ‘சாப்பிட்டாயா?’ என்று கிளந்தான் மலாயில் கேட்டபடியே வாழையிலையில் கட்டிய நாசி டாகாங் பொட்டலம் ஒன்றை நீட்டினார். நம் வீட்டுப் பாட்டிகள் கேட்கும் அதே முதல் கேள்வி! ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தக் கேள்வியை நானும் கையில் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் அடுக்குமாடியின் காவலாளி நேப்பாளத்துக்காரர். அவர் மொழியில் ‘கானா கானுபயோ?’ என்றால் ‘சாப்பிட்டீர்களா?’ என்று பொருள். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு நிலையத்திலிருந்து திரும்பும்போது அதைச் சொல்லிப் பார்த்தேன். மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். காத்மாண்டுவில் இறங்கியபின் ஒரு நாள் முழுக்கப் பேருந்தில் போனால்தான் அவர் கிராமம் வருமாம். மகளுக்கு ஏழு வயது. அவர் இங்கு வந்து ஆறு வருடம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். அவரும் ஊர் பார்க்க வரவில்லை. இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்தால் எனக்கு இப்போது தாத்தா ஞாபகம் வருகிறது. விடுமுறை இல்லாத பயணிகளும் இருக்கிறார்கள் என்பது அந்தக் கதவைத் தினமும் கடக்கும்போது தெரிகிறது.

அடுத்தது பை. மலிவு விமானத்தில் கைப்பைக்கு ஏழு கிலோதான் அனுமதி. அந்த ஏழு கிலோவுக்குள் நான்கு நாள் வாழ முடிகிறது என்று ஒரு முறை தெரிந்துவிட்டால், வீட்டு அலமாரியைத் திறக்கும்போது கேள்வி வரும். ‘இதை ஏழு கிலோவுக்குள் எடுத்து வைப்பேனா?’ கடையில் ஒரு பொருளை எடுக்கும்போதும் இதே கேள்விதான். எல்லாவற்றுக்கும் ‘மாட்டேன்’ என்று பதில் வராது. தீபாவளிப் பட்டுப் பாவாடைக்கு ஏழு கிலோ கணக்கு செல்லாது, செல்லவும் கூடாது. ஆனால் பத்துப் பொருளில் நான்கு கடையிலேயே நின்றுவிடுகிறது.

அப்படி நின்ற காசு ஓர் உறைக்குள் போகிறது. வாரம் ஐம்பது வெள்ளி. பேரங்காடியில் குடிக்கும் இரண்டு மூன்று காப்பியின் விலை. 52 வாரத்துக்கு 2,600 வெள்ளி. யாரிடமும் கைநீட்டாமல், அட்டையைத் தேய்க்காமல், ஒரு சின்னக் குடும்பம் உள்நாட்டில் இரண்டு மூன்று முறை போய்வர அது தாங்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி தங்கைகளுக்கு இதை அழுத்திச் சொல்வேன். கடன் வாங்கிப் போன பயணத்தின் செவ்வாய்க்கிழமை ரொம்ப நீளம். படம் பார்த்து விருப்பக்குறி போட்டவர்கள் யாரும் மாதத் தவணையில் பங்குபோட வரமாட்டார்கள்.

மூன்றாவது, சொந்த ஊரைப் பயணியாகப் பார்ப்பது. வெளியூரில் நாம் தலையை நிமிர்த்தி நடக்கிறோம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் கதை கேட்கிறோம். கோலாலம்பூரில் மட்டும் கைப்பேசியைப் பார்த்தபடி நடக்கிறோம். மஸ்ஜிட் ஜாமெக் ரயில் நிலையத்தில் எத்தனை முறை மாறியிருப்போம்! கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேரும் இடம் அதன் அருகில்தான் இருக்கிறது. இந்த ஊருக்குப் பெயர் வந்ததே அந்தச் சேற்றுச் சங்கமத்தால்தான். அங்கே 1909-இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலையும், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தையும் வடிவமைத்தவர் ஒருவரே, ஆர்தர் ஹப்பேக். பிரிக்ஃபீல்ட்ஸுக்குச் செங்கல் பெயர் வந்த கதையும் அப்படித்தான். 1881-இல் தீயும் வெள்ளமும் இந்த ஊரைப் புரட்டிப்போட்டன. இனி செங்கல்லால்தான் கட்ட வேண்டும் என்று முடிவான பிறகு, சூளைகள் எழுந்த இடம் அது. அடுத்த முறை அங்கே வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சாம்பார் வரும்வரை கைப்பேசி கேட்கமாட்டார்கள்.

இதையெல்லாம் விட எங்கள் வீட்டில் பெரிதாக மாறியது அப்பாவின் விஷயம்.

அப்பாவுக்கு 71 வயது. முப்பது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமையாகத் திறப்பதற்கு முன், பழைய சாலையில் ஊர் ஊராக நுழைந்து ஜொகூருக்கும் பெர்லிசுக்கும் சரக்கு கொண்டுபோனவர். நான் எந்த ஊர் பெயரைச் சொன்னாலும் எங்கே வளைவு, எங்கே நல்ல தேநீர், எங்கே காவல்துறை நிற்கும் என்று சொல்வார். அப்படிப்பட்டவர் ஒரு நாள், ‘நாடு பூரா ஓட்டினேம்மா, ஒரு ஊரையும் பாக்கல’ என்றார். குறையாகச் சொல்லவில்லை. சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னார்.

‘எங்கப்பா பாக்கணும்?’ என்றேன். யோசிக்கவே இல்லை. ‘தைப்பிங்’ என்றார். அவர் பிறந்த தோட்டம் அந்தப் பக்கம்தான்.

உறைக் காசில் மூன்று டிக்கெட் எடுத்தோம். அம்மா புளிச்சோறு கட்டினார். நம் நாட்டின் முதல் ரயில் ஓடியது தைப்பிங்கிலிருந்துதான், 1885-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி, போர்ட் வெல்ட் வரை. அந்த போர்ட் வெல்ட்தான் இன்றைய கோலா செப்பெத்தாங். ‘இது எனக்கும் தெரியும்’ என்றார் அப்பா. பிறகு ஏரித் தோட்டத்துக்குப் போனோம். சாலையோரத்துப் பெரிய மழைமரங்கள் கிளைகளைத் தாழ்த்தித் தண்ணீரைத் தொட்டபடி நிற்கின்றன. அப்பா ஒரு பலகையில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் எழவில்லை. ‘இந்தப் பக்கமா ராத்திரில நூறு தடவ போயிருப்பேன். தண்ணி இருக்குன்னு தெரியும். இப்படி இருக்கும்னு தெரியாது’ என்றார்.

தோட்டம் இப்போது செம்பனையாகிவிட்டது. லயத்து வீடுகள் இல்லை. சின்னக் கோயில் மட்டும் இருக்கிறது, யாரோ விளக்கேற்றியிருந்தார்கள். அப்பா காலால் அளந்து நடந்து, ஓரிடத்தில் நின்று, ‘இதான் வாசல்’ என்றார். செம்பனைக்கு நடுவே எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. அம்மா மட்டும் புரிந்தவர் போல அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார். வாசலை மிதிக்கவில்லை.

திரும்பி வந்த பிறகு அப்பாவின் செவ்வாய்க்கிழமை மாறிவிட்டது. தொலைக்காட்சி முன் உட்காரும் மாலை நேரத்தில் இப்போது நடக்கப் போகிறார். பழைய சரக்குச் சீட்டுகளின் பின்பக்கத்தில், தான் ஓட்டிக் கடந்த ஊர்களின் பெயர்களை எழுதுகிறார். பேரனுக்கு வரைபடம் சொல்லித் தருகிறார். வாரத்துக்கு ஒரு முறையாவது, ‘அடுத்து எங்க?’ என்று கேட்கிறார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கணக்கு இருக்கிறது. அப்பாவின் வலது முழங்கால் தேய்ந்துகொண்டு வருகிறது. மருத்துவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். பத்து மலையின் 272 படிகளைத் தைப்பூசத்துக்கு ஏறியவர், இப்போது ரயில் பெட்டியின் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிதானித்துத்தான் ஏறுகிறார். அதனால் நாங்கள் ஊர்ப் பட்டியலை அழகை வைத்தோ தூரத்தை வைத்தோ போடவில்லை. படிக்கட்டை வைத்துப் போட்டிருக்கிறோம். ஏற்றம் அதிகமுள்ள ஊர் முதலில், சமதரையான ஊர் பிறகு. முதல் இடத்தில் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு. சுங்கை பட்டாணி வரை ரயில், அங்கிருந்து வாடகைக் கார், ஜெராய் மலையடிவாரச் சரிவில் கொஞ்சம் ஏற்றம். கடாரம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த மண்ணை அவர் காலோடு போய்ப் பார்க்க வேண்டும். சக்கர நாற்காலியில் சுலபமாகப் போகக்கூடிய ஏரியும் கடற்கரையும் பட்டியலின் கடைசியில் காத்திருக்கட்டும். அவை எங்கும் ஓடிவிடாது.

எல்லோராலும் இப்படிக் கிளம்ப முடியாது என்பது எனக்குத் தெரியும். முறைமாற்று வேலை செய்பவர்கள், படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள், மாதக் கடைசியில் பெட்ரோலுக்கே கணக்குப் பார்ப்பவர்கள் நம் வாசகர்களில் நிறைய பேர். அவர்களுக்குப் ‘பயணம் போங்கள்’ என்று அறிவுரை சொல்வது அநியாயம். கேள்வி கேட்பதற்கு டிக்கெட் தேவையில்லை. அதைத்தான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம், ‘ஒரே ஒரு ஊர் பார்க்கலாம் என்றால் எந்த ஊர்?’ என்று கேளுங்கள். முதலில் ‘எனக்கு எதுக்கு அதெல்லாம்’ என்பார்கள். உடனே நகர்ந்துவிடாதீர்கள். தேநீர் ஆறும்வரை உட்காருங்கள். ஓர் ஊர் பெயர் வரும். அது பாரீஸாக இருக்காது. பெரும்பாலும் மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஏதோ ஒரு சின்ன ஊராகத்தான் இருக்கும். அந்தப் பெயரை நாள்காட்டியில் ஒரு தேதிக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அங்கே எத்தனை படி ஏற வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.