தலைமுடிச் சாயமும் தகுதி பெற்ற கைகளும்

‘தன் கையே தனக்கு உதவி’ என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. இது எல்லாக் காரியத்திற்கும் பொருந்துமா என்று கேட்டால், பொருந்தாது என்பதே என் கருத்து. பல் வலித்தால் பல் மருத்துவரைத் தேடிச் செல்கிறோம். மோட்டார் சைக்கிள் கெட்டுப்போனால் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறோம். ஆனால், தலைமுடிக்குச் சாயம் பூசுவதை மட்டும் யாரும் செய்யக்கூடிய வேலை என்று நினைக்கிறோம். அந்த நினைப்பு எவ்வளவு தவறானது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

தமிழ்ப்பள்ளியில் எண்ணெய் தடவி இரட்டைச் சடை போட்டவர்கள் நாம். இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை கட்டொழுங்கு ஆசிரியரின் கத்தரிக்கோலுக்குப் பயந்து வாழ்ந்தவர்கள். பல்கலைக்கழகத்தில் காலடி வைத்ததும் அந்தப் பயம் போய்விடுகிறது. புக்கிட் பெருவாங் வட்டாரத்தில் மாணவர்கள் தங்கியிருக்கும் வாடகை வீடுகளில் தீபாவளிக்கு முந்திய வாரம் எட்டிப் பார்த்தால், குளியலறை வாசலில் யாராவது ஒருவர் தோளில் பழைய துண்டோடு உட்கார்ந்திருப்பார். அதில் தவறு ஒன்றும் இல்லை. அழகாக இருக்க ஆசைப்படுவது குற்றமல்ல.

ஈராண்டுக்கு முன் எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. தோழி ஒருத்தி இரவுச் சந்தையில் 15 வெள்ளிக்கு ஒரு சாயப் பெட்டி வாங்கி வந்தாள். கலந்ததும் பூசியதும் நான்தான். உள்ளே இருந்த தாளில், காதின் பின்புறம் சிறிதளவு தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதை நான் படித்தேன். படித்துவிட்டு, “இதுக்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கு?” என்று சிரித்தேன். மறுநாள் காலையில் அவளுடைய உச்சந்தலை தீயாய் எரிந்தது. காதோரம் கொப்புளம். அன்று மாலைக்குள் இரண்டு கண்களும் வீங்கி மூடிக்கொண்டன. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “முன்பு எப்போதாவது கறுப்பு மருதாணி வைத்ததுண்டா?” என்பதுதான். உண்டு. பதின்மூன்று வயதில் ஒரு கல்யாண வீட்டில் வைத்து, கை சிவந்து அரித்திருக்கிறது. அதை அவளே மறந்து போயிருந்தாள். அந்த வருடத் தீபாவளியை அவள் இருட்டறையில் கழித்தாள். ஒரு தேர்வையும் தவறவிட்டாள்.

ஏன் அப்படி நடந்தது? அடர்நிறச் சாயங்கள் பலவற்றில் பாராபினிலின் டைஅமைன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. கறுப்பு மருதாணி என்ற பெயரில் விற்கப்படும் பசைகளிலும் இதைக் கலப்பதுண்டு. இயற்கை மருதாணி செம்மண் நிறம்தான் தரும். கன்னங்கரேல் என்று பிடித்தால் அது மருதாணியே அல்ல. இப்பொருள் முதல் தடவையே தொல்லை தர வேண்டும் என்பதில்லை. உடல் அதை எதிரியாக நினைவில் வைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் கழித்து மீண்டும் பட்டதும் பாயலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில், தலையில் பூசும் கலவையில் இதன் அளவு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

அன்றிரவு நான் தொலைபேசியில் அழைத்தது என் பெரியம்மா மகளை. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். எஸ்.பி.எம். முடித்ததும் முடி அலங்காரக் கலை படிக்கப் போகிறேன் என்றபோது, “முடி வெட்டவா உன்னைப் பெத்து வளர்த்தோம்?” என்று உறவினர் வாய் கூசாமல் கேட்டார்கள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மலேசியத் திறன் சான்றிதழ் மூன்றாம் நிலை வரை படித்து, இப்போது மலாக்கா நகரில் ஒரு கடையில் வேலை செய்கிறார். நான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னதும் அவர் திட்டவில்லை. “டெஸ்ட் வச்சுப் பார்த்தியா? முன்ன ஏதாச்சும் அலர்ஜி வந்திருக்கான்னு கேட்டியா?” இந்த இரண்டே கேள்விகள்தாம். மருத்துவர் கேட்டதைத்தான் அக்காவும் கேட்டார். வித்தியாசம் என்னவென்றால், அக்கா இதைச் சாயம் பூசுவதற்கு முன்பே கேட்டிருப்பார்.

பயிற்சி பெற்றவர் என்றால் யார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நிறத்தை அழகாகப் பூசத் தெரிவது அதில் ஒரு பாதிதான். முடியின் மேலோட்டை அம்மோனியா திறக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளிருக்கும் கருநிறத்தை வெளுக்கிறது. பிறகுதான் புது நிறம் உள்ளே உருவாகிறது. பெராக்சைடு 6, 9, 12 விழுக்காடு என்று பல வலுவில் கிடைக்கிறது. எந்த முடிக்கு எது, எத்தனை நிமிடம் என்பதைத் தெரிந்திருக்க வேண்டும். நம்மவர்களின் கரிய முடியை வெளுத்தால் முதலில் செம்மையும் ஆரஞ்சும்தான் தலைகாட்டும். படத்தில் கண்ட பழுப்பு நிறம் நமக்கு வராமல் போவது இதனால்தான். ஆரஞ்சை அடக்க நீலம் கலந்த நிறம் வேண்டும் என்பது படித்தவருக்குத் தெரியும். படிக்காத நாம் இன்னொரு பெட்டி வாங்கி அதன் மேலேயே பூசி முடியைத் தும்பாக்குவோம். முன்பு பூசிய சாயத்தில் உலோக உப்பு இருந்தால், பெராக்சைடு பட்டதும் சூடேறி முடியே ஒடிந்து போகலாம். இவை எல்லாவற்றையும் விட மேலானது, “உங்களுக்கு இது வேண்டாம்” என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் துணிவு. அந்தத் துணிவு கல்வியால் வருவது.

செயற்கைச் சாயத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. 1907இல் யூஜின் சுவெல்லர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் முடிச்சாயம் ஒன்றைத் தயாரித்து, பாரிஸ் நகர முடி அலங்காரக்காரர்களுக்கே விற்றார். 1909இல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய லோரியல். ஜெர்மனியில் இத்தொழிலுக்கு மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி உண்டு. அங்கே இதை விளையாட்டாக எண்ணுவதில்லை.

நாமோ இத்தொழிலைத் தாழ்வாகப் பார்த்தே பழகிவிட்டோம். தமிழ்நாட்டில் முடிதிருத்தும் சமூகத்தாருக்கு ‘மருத்துவர்’ என்ற பெயரும் உண்டு. புண்ணுக்கு மருந்திட்டவர்கள் அவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாகப் பிரசவம் பார்த்தார்கள். சாதி என்ற நோய் அந்த அறிவை இழிவு என்று முத்திரை குத்தியது. கப்பலேறி இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்த நம் பாட்டன்மார் அந்த முத்திரையையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். அதன் விளைவு இன்று கண்கூடு. நம் முடிதிருத்தும் நிலையங்களில் வேலைக்கு ஆளில்லை. 2009இல் இத்துறைக்கு அந்நியத் தொழிலாளர் சேர்ப்பு முடக்கப்பட்டது முதல் உரிமையாளர்கள் பல்லாண்டு காலம் முறையிட்டு வந்தார்கள். 2023இல்தான் முடிதிருத்தும் நிலையம், ஜவுளி, பொற்கொல்லர் ஆகிய மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அரசாங்கம் அனுமதி அறிவித்தது. கடல் கடந்து ஆள் தேடுகிறோம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை அதே தொழிலைச் சான்றிதழோடு படிக்கப் போனால் முகம் சுளிக்கிறோம். இது என்ன நியாயம்?

“கடையில் சாயம் பூச 100 வெள்ளிக்கு மேல் ஆகும், கடன் வாங்கிப் படிக்கும் மாணவனுக்குக் கட்டுப்படியாகுமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் அம்மாவே பல ஆண்டுகளாக நரையை மறைக்க வீட்டில்தான் பூசுகிறார், ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் எப்போதும் கடைக்கே போக வேண்டும் என்று நான் வாதிடவில்லை. முதல் தடவை பூசுகிறவர்கள், கரிய முடியை வெளுக்க நினைக்கிறவர்கள், முன்பு ஒருமுறையாவது அரிப்பு கண்டவர்கள் கற்றவரைத் தேடிப் போக வேண்டும் என்கிறேன். அரிப்பு கண்டவர்கள் சாயத்தைத் தொடுவதற்கு முன் மருத்துவரையும் கேட்க வேண்டும். பணம் இல்லாவிட்டால் அடுத்த தீபாவளி வரை காத்திருக்கலாம். கறுப்பு முடியோடு பண்டிகை கொண்டாடுவது ஒன்றும் குறையல்ல. 48 மணி நேரச் சோதனைக்கோ ஒரு காசும் செலவில்லை.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சி வாடிக்கையாளரை மட்டும் காப்பதில்லை. கையுறை இல்லாமல் நாள்தோறும் சாயத்தில் கை வைப்பவர்களுக்குத் தோல் அழற்சி வருவது இத்தொழிலில் அறிந்த ஒன்றுதான். பல்லாண்டு அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள், முந்தைய அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் திட்டத்தின் வழி திறன் மேம்பாட்டுத் துறையிடம் அதைப் பெற முடியும்.

ஆகவே, அன்பு நண்பர்களே, சாயம் வாங்கும்போது அது தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்கப்பட்ட பொருள்தானா என்று பாருங்கள். கடைக்குச் சென்றால், “இதைப் படித்தவர் யார்?” என்று கூசாமல் கேளுங்கள். உங்கள் தம்பியோ தங்கையோ இத்துறையைப் படிக்க விரும்பினால், பொறியியல் படிக்கப் போகிறவனை வாழ்த்துவது போலவே வாழ்த்தி அனுப்புங்கள்.

என் தோழியின் காதோரத்தில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது. அவள் என்னை மன்னித்துவிட்டாள். சென்ற ஆண்டு தீபாவளிக்கு அவளை நான் அக்காவின் கடைக்கு அழைத்துச் சென்றேன். அக்கா சாயத்தை எடுக்கவே இல்லை. முடியை மட்டும் அழகாக வெட்டிவிட்டு, “உனக்கு இதுதாம்மா, போதும்” என்றார். கற்றவரின் கைக்கும் எங்களைப் போன்றவர்களின் கைக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.