எந்தத் தொட்டித் தண்ணீர்?

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடும்பங்களின் குழந்தைகளுக்கு 2022 டிசம்பரில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. ஒரு வீட்டோடு நிற்காமல் அடுத்தடுத்த வீடுகளில் படுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளைகளைப் பார்த்த மருத்துவர்கள், குடிக்கிற தண்ணீரைக் கவனியுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். டிசம்பர் 26 அன்று ஊர் இளைஞர்கள் மேல்நிலைத் தொட்டியின் மேல் ஏறி மூடியைத் திறந்தார்கள். பத்தாயிரம் லிட்டர் தொட்டி. உள்ளே மனித மலம் கிடந்தது.

பிறகு நடந்தவை தமிழ்நாட்டுக்கே தெரியும். மறுநாளே மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் வந்தார்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பது அப்போதுதான் அதிகாரப்பூர்வமாகக் கண்ணில் பட்டது. தலித் மக்களை அய்யனார் கோயிலுக்குள் ஆட்சியரே அழைத்துப் போனார். 2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைத்தது. டிஎன்ஏ சோதனைகள் நடந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அதே வேங்கைவயலைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. வேறு விசாரணை வேண்டும் என்று கட்சிகளும் இயக்கங்களும் கேட்டன. யார் செய்தது என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். இந்தத் தலையங்கம் அதைப் பற்றியது அல்ல.

அந்த மருத்துவர்கள் சொன்ன ஒற்றை வரியைப் பற்றியது. மருந்துச்சீட்டோடு முடித்திருக்கலாம். உப்புக்கரைசல் பொட்டலமும் மாத்திரையும் கொடுத்து அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கப் போவதில்லை. பிள்ளைகள் தேறி வீடு திரும்பி, அதே குழாயில் மறுபடி குடித்திருப்பார்கள். நோயாளியின் வயிற்றிலிருந்து ஊரின் தொட்டிக்குப் பார்வை போனதால்தான் உண்மை வெளியே வந்தது. சமூக நலவாழ்வு என்று பெரிய பெயரில் நாம் சொல்வதெல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அந்தப் பார்வை தொடங்கிய இடத்திலேயே நின்றும் போனது. யார் கலந்தது என்று கேட்டவர்கள் ஆயிரம் பேர். அந்த முப்பது சொச்சம் தலித் குடும்பங்களுக்கு மட்டும் ஏன் தனியாக ஒரு தொட்டி இருந்தது என்று கேட்டவர்களை எண்ணிவிடலாம். 1854இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்துக்கொண்டே போனார். அவை ஒரு தெருவோரத் தண்ணீர்ப் பம்பைச் சுற்றிக் குவிந்திருந்தன. பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொன்னார். பிறகு அந்த வீடுகளை வரைபடத்திலும் குறித்தார். அங்கே வட்டம் விழுந்தது நடை தூரத்தை ஒட்டி. பக்கத்தில் இருந்தவர்கள் அந்தப் பம்பில் குடித்தார்கள், அவ்வளவுதான். வேங்கைவயலில் நோயுற்ற வீடுகளைக் குறித்தால் கிடைக்கிற வரைபடம் சாதி வரைபடமாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட தெருவை மட்டும் நோயால் தாக்க முடிந்தது என்றால், அந்தத் தெருவை மட்டும் தனியே பிரித்து வைத்த ஏற்பாடு முன்கூட்டியே தயாராக இருந்தது என்று பொருள். அந்த ஏற்பாட்டைச் செய்தது இருட்டில் வந்துபோன எவனோ அல்ல. திட்ட மதிப்பீடு போட்டு, ஒப்பந்தம் விட்டு, பொதுப்பணத்தில் கட்டினோம். இதில் யாரும் கைகழுவ முடியாது.

சித்தன்னவாசலில் இருந்துகொண்டு இதை எழுதுகிறோம். வேங்கைவயலும் நாங்களும் ஒரே அன்னவாசல் ஒன்றியம். இங்கே சமணர்களின் அறிவர் கோயில் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம். பூப்பறிக்கிறவர்கள், யானை, எருமை, மீன், அன்னம் எல்லாம் ஒரே நீரில். அருகர் அறம் சொல்லும் சமவசரணத்துக்கு எல்லா உயிர்களும் வரும் வழியில் உள்ள குளம் அது என்று விளக்குவார்கள். குன்றின் மறுபக்கம் ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள். அவற்றில் ஒன்றின் தமிழி எழுத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வயது. சமணர்கள் நான்கு கொடைகளைச் சொல்வார்கள்: உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம். எங்களுக்கு இந்தப் பட்டியல் முக்கியமாகப் படுகிறது. மருந்தையும் அடைக்கலத்தையும், அதாவது பயத்திலிருந்து பாதுகாப்பையும், ஒன்றாக வைத்திருக்கிறார்கள். பயந்து வாழ்கிறவனுக்கு மாத்திரை மட்டும் போதாது என்பது இந்த மண்ணில் புதிய செய்தி அல்ல.

இந்த மாவட்டம் பெற்ற மருத்துவர் ஒருவரும் மாத்திரையோடு நிற்காத மருத்துவத்தைத்தான் செய்து காட்டினார். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. தந்தை மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபில் வந்தவர். அதே கல்லூரியில் முத்துலட்சுமியைச் சேர்க்க எதிர்ப்புக் கிளம்பியபோது மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர், நல்ல வருமானமுள்ள டாக்டராகக் காலத்தை ஓட்டியிருக்கலாம். சட்டமன்றத்துக்குப் போய்த் தேவதாசி முறைக்கு எதிராகப் பேசினார். அந்த முறையைத் தடுக்கும் சட்டம் முழுமையாக வர 1947 ஆயிற்று. ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அவர் பெயரில் மகப்பேறு உதவித் திட்டம் நடக்கிறது. நம் ஊர்ப் பெண்கள் அந்தப் பணத்தை வாங்குகிறார்கள். அவர் சட்டமன்றத்தில் நின்று வாதாடியதும் மருத்துவத்தின் பகுதிதான் என்பதை நம் மருத்துவ மாணவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

வாதாடுகிறவர்களுக்கு இந்த மாவட்டம் என்ன கொடுக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வேங்கைவயல் குற்றப்பத்திரிகை வந்த அதே 2025 ஜனவரியில், 17ஆம் தேதி, திருமயம் பக்கம் ஜகபர் அலி கொல்லப்பட்டார். சட்டவிரோதக் கல் குவாரிகளைப் பற்றி ஆதாரங்களோடு அதிகாரிகளிடம் புகார் கொடுத்துக்கொண்டிருந்தவர். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்து இருசக்கர வாகனத்தில் திரும்பும்போது டிப்பர் லாரியால் மோதப்பட்டார். முதலில் விபத்து என்றார்கள். குடும்பம் விடவில்லை. குவாரி உரிமையாளர்கள் கைதானார்கள், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அவர் பட்டம் பெற்ற ஆய்வாளர் அல்ல. எந்த மலை எவ்வளவு வெட்டப்பட்டது, எவ்வளவுக்கு அனுமதி என்று மனுவோடு மனுவாகச் சேர்த்துவைத்தவர். அதுவும் ஆய்வுதான். அதை அவர் உயிரைக் கொடுத்துச் செய்ய நேர்ந்தது.

குவாரி என்றால் லாரியும் வருமானமும் மட்டும் நினைவுக்கு வருகிறது. கல் உடைக்கிற இடத்தின் தூசியில் இருக்கிற சிலிக்கா நுரையீரலில் படிந்தால் திரும்பாது. சிலிக்கோசிஸ் என்ற அந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. இருமலும் மூச்சிரைப்பும் மெலிவும் காசநோயைப் போலவே இருப்பதால், காசநோய் மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டே பலர் காலத்தைக் கழிக்கிறார்கள். வேலை என்ன என்று சீட்டில் எழுதுவதில்லை. எழுதினால் நோய்க்குப் பொறுப்பாளி ஒருவர் வந்துவிடுவார். ராஜஸ்தானில் சுரங்கத் தொழிலாளர் அமைப்புகள் பல ஆண்டு அலைந்து போராடி 2019இல் சிலிக்கோசிஸ் நோயாளிகளுக்கான அரசுக் கொள்கையையும் நிவாரணத்தையும் பெற்றன. மருத்துவச் சான்றும் தெருப் போராட்டமும் சேர்ந்து பெற்றது அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இதே புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, கல் உடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே குவாரிக் குத்தகை கிடைத்தது. அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படித்த அதே பெண்கள், சைக்கிள் ஓட்டக் கற்று ஊர் ஊராகப் போனார்கள். கையில் குத்தகை இருந்த காலத்தில் அவர்கள் கூலியும் மாறியது, நடையும் மாறியது. பிறகு ஒப்பந்தக்காரர்கள் மெல்ல மெல்ல இடத்தைப் பிடித்தார்கள். பெண்களுக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுக்கிற திட்டத்தைவிட அந்தக் குத்தகை பெரிய மருத்துவம் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

ஆய்வாளர்களிடமும் ஒரு வார்த்தை. படிவத்தோடு கிராமத்துக்கு வருகிறீர்கள், கேட்கிறீர்கள், போகிறீர்கள். உங்கள் அட்டவணையில் ‘பட்டியல் சாதி’ என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் குழந்தை இறப்பும் ரத்தசோகையும் கூடுதலாக இருப்பதாகக் கணக்கு வரும். படிக்கிறவருக்கு, ஏதோ அந்தப் பிறப்பிலேயே நோய் இருப்பதுபோலத் தோன்றும். தனித்தொட்டி, தனிச்சுடுகாடு, பேருந்து நிற்காத காலனி, செவிலியர் உள்ளே வராத தெரு என்று கட்டங்கள் போட்டுப் பாருங்கள். நோய் எங்கிருந்து வருகிறது என்பது அப்போது தெரியும்.

வேங்கைவயலில் ரத்தம் கொடுக்க மறுத்தவர்களைப் பற்றியும் நினைத்துப் பாருங்கள். டிஎன்ஏ சோதனைக்கு முதலில் 11 பேரிடம் மாதிரி எடுக்க நீதிமன்றம் அனுமதி தந்தபோது 8 பேர் தர மறுத்தார்கள். ஒத்துழைக்க மறுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. மலம் கலந்த தண்ணீரைக் குடித்தவன் வீட்டு வாசலில் வந்து நின்று, உன் ரத்தத்தைக் கொடு, நீ செய்தாயா என்று பார்க்க வேண்டும் என்றால் அவன் என்ன சொல்வான்? அறிவியல் கருவி ஒன்றுதான். அது முதலில் யாரை நோக்கித் திரும்புகிறது என்பதை ஊர் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நாளை ரத்தசோகைக்கோ சர்க்கரைக்கோ ரத்தம் எடுக்க இதே தெருவுக்குப் போகும் செவிலியர் இந்த நினைவையும் தாண்டித்தான் கை நீட்ட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம். ரத்த அழுத்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் பெண்களை நாங்கள் மதிக்கிறோம். அவர்களுடைய பதிவேட்டில், இந்த வீட்டுக்கு எந்தத் தொட்டித் தண்ணீர் வருகிறது என்று ஒரு வரி சேர்க்க ஒரு பைசா செலவாகாது.

மேல்நிலைத் தொட்டியின் சுவரில், சுத்தம் செய்த தேதி, அடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய தேதி என்று பெயிண்டில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் குழாயில் விட வேண்டும். தெருக்கோடிக் குழாயில் பிடிக்கிற லிட்டர் தண்ணீரில் 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். குளோரின் சோதனைக்கான சொட்டு மருந்தை விட்டால், குளோரின் உள்ள நீர் மஞ்சளாக மாறிக் காட்டிக்கொடுக்கும். இதை எந்தப் பள்ளிப் பிள்ளையும் செய்து பார்த்துவிடலாம்.

மார்ச் 22 கிராம சபை உலகத் தண்ணீர் நாளுக்காகவே கூடுகிறது. அன்னவாசல் ஒன்றியத்தின் ஒவ்வொரு ஊராட்சியிலும் அன்று எழுந்து கேளுங்கள்: நம் ஊராட்சியில் எத்தனை தொட்டிகள், ஒவ்வொன்றிலிருந்தும் எந்தெந்தத் தெருவுக்கு நீர் போகிறது, காலனிக்கும் ஊருக்கும் ஒரே தொட்டி என்று மாற்ற என்ன செலவாகும், கடைசிக் குழாயில் குளோரின் பார்த்தது எப்போது. பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி நகல் கேட்டு வாங்குங்கள். குவாரி உள்ள ஊர்க்காரர்கள், கல் உடைக்கிறவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும் முகாம் வேண்டும் என்று ஒரு தீர்மானம் சேருங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள். நகல்களை எங்களுக்கு அனுப்பினால், கையெழுத்திட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு, அடுத்த இதழில் ஊர் ஊராக அச்சிடுகிறோம்.