நர்ஸ் படிப்பு என்று நம்பி மாட்டை விற்கலாமா?

கேள்வி: ‘‘என் மகள் பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் மட்டும் தோற்றுவிட்டாள். பக்கத்து டவுனில் உள்ள சமுதாயக் கல்லூரியில், தோற்றவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்களாம். ஒரு வருடம் ‘நர்சிங்’ படித்தால் ஆஸ்பத்திரி வேலை நிச்சயம் என்று வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மகளுக்கும் நர்ஸ் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை. கையில் பணம் இல்லை. நாளைக்கு எட்டு லிட்டர் கறக்கிற மாட்டை விற்றுக் கட்டணம் கட்டலாமா என்று யோசிக்கிறோம். சமுதாயக் கல்லூரியில் சேர்க்கலாமா?’’

- ஒரு வாசகர், செங்கம், திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: மாட்டை விற்க வேண்டாம். மகளை நர்ஸாகப் பார்க்க வேண்டும் என்றால், ஓராண்டு படிப்பில் அது நடக்காது. அதற்காகச் சமுதாயக் கல்லூரி என்றாலே ஏமாற்று வேலை என்றும் நினைத்துவிடக் கூடாது. அது யாருக்காக வந்தது, எதைத் தரும், எதைத் தராது என்று தெரிந்துகொண்டு சேருபவர்களுக்குப் பயனுள்ள இடம்தான்.

திறந்த கதவு

மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக் கழித்துக்கட்டாமல், படிக்க வருபவர்களைச் சேர்த்துக்கொண்டு, அந்த வட்டாரத்தில் கிடைக்கும் வேலைக்குப் பயிற்சி தர வேண்டும். சமுதாயக் கல்லூரியின் அடிப்படை இதுதான். அமெரிக்காவில் 1901-ம் ஆண்டு ஜோலியட் என்ற ஊரில் தொடங்கிய கல்லூரிதான் அந்த நாட்டு அரசு சமுதாயக் கல்லூரிகளில் மூத்தது. இந்தியாவில் 1995-ல் புதுச்சேரியிலும், 1996-ல் சென்னையிலும் இப்படிப்பட்ட கல்லூரிகள் தொடங்கின. 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவான பிறகு, அதன் அங்கீகாரத்தோடு பல ஊர்களில் சமுதாயக் கல்லூரிகள் வந்தன. இவற்றில் பலவற்றை நடத்துபவை அறக்கட்டளைகளும் தொண்டு நிறுவனங்களும்தான்.

தையல், மின்சாதனப் பழுதுபார்ப்பு, குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பு, கம்ப்யூட்டர், கேட்டரிங், மழலையர் பள்ளி ஆசிரியர் பயிற்சி, மருத்துவமனை உதவியாளர் பயிற்சி என்று பாடங்கள் இருக்கும். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நடக்கும். சேர்வதற்கான தகுதி பாடத்துக்குப் பாடம் மாறும். பள்ளியை இடையில் விட்டவர்கள், திருமணமாகிப் பிள்ளை பெற்ற பெண்கள், நாற்பது வயதைத் தாண்டியவர்கள் என்று வேறு எந்தக் கல்லூரியும் வாசலில் நிறுத்திவிடுகிறவர்களுக்கு இங்கே இடம் உண்டு. இதுதான் இதன் பலம்.

ஆனால், உள்ளே வருவதற்குக் கதவு திறந்திருப்பது வேறு. படித்து முடித்து வெளியே வரும்போது கையில் இருக்கும் சான்றிதழ் எந்தெந்தக் கதவைத் திறக்கும் என்பது வேறு. பணம் கட்டும் குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

உதவியாளர் வேறு, நர்ஸ் வேறு

ஊரில் தடுப்பூசி போட வரும் கிராம சுகாதாரச் செவிலியரை எல்லோருக்கும் தெரியும். அந்த வேலைக்கான அடிப்படைப் படிப்பு, பிளஸ் டூ முடித்தபின் படிக்கும் ஏ.என்.எம். என்ற இரண்டாண்டுப் படிப்பு. அடுத்து ஜி.என்.எம்., மூன்றாண்டு. பி.எஸ்ஸி. நர்சிங் நான்காண்டு. இந்த மூன்றில் எதைப் படிக்கவும் பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். படிக்கும் பள்ளியோ, கல்லூரியோ நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். படித்து முடித்ததும் தமிழ்நாடு நர்சஸ் அண்டு மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு இருந்தால்தான் நர்ஸ்.

ஓராண்டு ‘நர்சிங் அசிஸ்டென்ட்’, ‘ஹெல்த் அசிஸ்டென்ட்’ படிப்புகளை வைத்துக்கொண்டு இந்தப் பதிவைப் பெற முடியாது. அந்தப் படிப்பை முடித்தவர்கள் தனியார் மருத்துவமனைகளிலும், முதியோர் இல்லங்களிலும், வீட்டோடு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைகளிலும் உதவியாளராகச் சேரலாம். படுக்கையை மாற்றுவது, நோயாளியைக் குளிப்பாட்டுவது, சாப்பிட வைப்பது, நடக்க வைப்பது போன்றவை அவர்களுடைய வேலை. கண்ணியமான வேலைதான், ஆள் தேவையும் இருக்கிறது. ஆனால் சம்பளம் நர்ஸுக்குக் கிடைப்பது போல இருக்காது. எத்தனை ஆண்டு வேலை பார்த்தாலும், அந்த அனுபவத்தை மட்டும் காட்டி நர்ஸ் ஆகிவிடவும் முடியாது.

ஆகவே, ‘நர்சிங்’ என்று யாராவது சொன்னால், ‘படித்து முடித்ததும் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா?’ என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். நேரான பதில் வராவிட்டால், அது நர்ஸ் படிப்பு அல்ல.

அரசு வேலைக் கனவு இருந்தால்...

இன்னொரு கணக்கும் சிலர் போடுகிறார்கள். ‘பத்தாம் வகுப்பு போனால் போகட்டும். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அடிப்படைப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு, அப்படியே டிகிரி வாங்கிவிடலாம்’ என்பதுதான் அது. அறிவை வளர்த்துக்கொள்ள அது சரியான வழி. அரசு வேலைக்குச் சரிவராது. 2009 ஆகஸ்டில் வெளியான பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை எண் 107 இதில் தெளிவாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் தேறாமல் திறந்தநிலையில் நேரடியாக வாங்கிய பட்டம், தமிழ்நாடு அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படுவதில்லை. இது தெரியாமல் படித்து, தேர்வு எழுதி, சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வருவதைப் போல வேதனை வேறில்லை. அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டிய கதைதான்.

ஒரு பாடம்தானே!

செங்கம் வாசகரின் மகள் தோற்றிருப்பது ஒரே ஒரு பாடத்தில். தேறிய பாடங்களை மறுபடி எழுதத் தேவையில்லை. கணக்கை மட்டும் எழுதினால் போதும். பொதுத்தேர்வு முடிவு வந்த சில வாரங்களிலேயே அரசுத் தேர்வுகள் இயக்ககம் துணைத் தேர்வு நடத்துகிறது. பள்ளி மாணவியாக எழுதித் தேறாதவர்கள் படித்த பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம். தனித்தேர்வர்கள் அரசுத் தேர்வுத் துறையின் சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் சில நூறு ரூபாய்தான். எட்டு லிட்டர் கறக்கும் மாட்டின் சில நாள் பால் பணத்தில் முடிந்துவிடும்.

துணைத் தேர்வில் தேறினால் அதே ஆண்டிலேயே பிளஸ் ஒன் சேர முயற்சி செய்யலாம். அதற்குத்தான் அந்தத் தேர்வை உடனடியாக நடத்துகிறார்கள். அரசுப் பள்ளியில் அறிவியல் பிரிவோ, நர்சிங் தொழிற்பிரிவோ கிடைத்தால் இன்னும் நல்லது. பி.எஸ்ஸி. நர்சிங் கனவு இருந்தால் இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள பிரிவைத்தான் எடுக்க வேண்டும். அந்த மூன்றும் இல்லாமல் அந்தப் படிப்பில் சேர முடியாது.

இரண்டாவது முறையும் கணக்கு வரவில்லை என்றால் உலகம் முடிந்துவிடவில்லை. அடுத்த தேர்வில் மறுபடி எழுதலாம். அதுவரை பிள்ளையை வீட்டில் குத்திக்காட்டாமல் இருப்பதுதான் பெற்றோர் செய்யக்கூடிய முதல் உதவி. ‘தோற்றவள்’ என்ற சொல் காதில் விழுந்துகொண்டே இருப்பதால்தான், யார் எந்தக் கதவைக் காட்டினாலும் நுழைந்துவிடலாம் என்று பிள்ளைகளுக்குத் தோன்றுகிறது.

உடனே கைத்தொழில் ஒன்றைக் கற்க வேண்டும் என்று மகளே விரும்பினால், அரசு ஐ.டி.ஐ.யையும் விசாரிக்கலாம். சில தொழிற்பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு.

யாருக்குச் சமுதாயக் கல்லூரி?

படிப்பை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்கள், இனி பொதுத்தேர்வு எழுதுவது நடக்காது என்று முடிவு செய்தவர்கள், சொந்தமாகச் சிறு தொழில் தொடங்க நினைப்பவர்கள், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று நினைக்கும் பெண்கள் ஆகியோருக்கு இது பொருத்தமான இடம். அரசு வேலை என்ற எண்ணமே இல்லாமல், ‘எனக்குத் தையல் மெஷின் ஓட்டத் தெரிய வேண்டும்’, ‘மோட்டார் காயில் கட்டத் தெரிய வேண்டும்’ என்று கைவேலையை நாடிப் போகிறவர்கள் ஏமாறுவதில்லை. சான்றிதழை மட்டும் நாடிப் போகிறவர்கள்தான் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கடையில் விதை வாங்கும்போது, பையில் உள்ள அட்டையைத் திருப்பி ரகம், முளைப்புத்திறன், காலாவதி தேதி எல்லாம் பார்க்காமல் எந்த விவசாயியும் காசு கொடுப்பதில்லை. படிப்பையும் அப்படித்தான் வாங்க வேண்டும்.

1. சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார்? கல்லூரி நடத்தும் அறக்கட்டளையா, பல்கலைக்கழகமா? அந்தப் பாடத்துக்கு இந்த ஆண்டு அங்கீகாரம் இருக்கிறதா? இதைக் கல்லூரியில் கேட்டால் மட்டும் போதாது. சம்பந்தப்பட்ட பல்கலைக்கழகத்திடமும் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

2. எந்த வேலைக்கு இந்தப் படிப்பு என்கிறார்களோ, அந்த வேலை கொடுக்கும் இடத்தில் போய் விசாரிக்க வேண்டும். பக்கத்தில் உள்ள மருத்துவமனைக்குப் போய், ‘இந்தச் சான்றிதழோடு வந்தால் என்ன வேலை தருவீர்கள், என்ன சம்பளம்?’ என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அரைநாள் அலைச்சல், ஓராண்டுப் பணத்தைக் காப்பாற்றும்.

3. போன ஆண்டு படித்தவர்களில் இரண்டு மூன்று பேரைச் சந்திக்க வேண்டும். இப்போது என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

4. வாரத்தில் எத்தனை நாள் வகுப்பு, செய்முறைப் பயிற்சி எங்கே என்று கேட்க வேண்டும். புத்தகத்தில் மட்டும் நடக்கும் தொழிற்பயிற்சியால் பயனில்லை.

5. தேர்வுக் கட்டணம், சீருடை, பயிற்சிக் கட்டணம், தங்கும் செலவு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? இரண்டையும் எழுத்தில் வாங்க வேண்டும். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட ரசீது வேண்டும்.

6. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். ‘படிப்பு முடியும்வரை இங்கேயே இருக்கட்டும்’ என்றால் கொடுக்கக் கூடாது. கையில் சான்றிதழ் இல்லாவிட்டால், பிடிக்காத இடத்தை விட்டு வேறு இடத்துக்குப் போக வழி இருக்காது.

‘இன்றைக்குச் சேர்ந்தால்தான் சலுகை’ என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் மட்டும், ‘வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். நல்ல கல்லூரி நாளைக்கும் அங்கேயே இருக்கும்.

கேள்வி: ‘‘வயது 46. எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். காளான் வளர்ப்பை முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்க ஆசை. இந்த வயதில் யார் சேர்த்துக்கொள்வார்கள்?’’

- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.

பதில்: வயது ஒரு தடையே அல்ல. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், தொலைதூரக் கல்வியில் விவசாயிகளுக்கென்றே ஆறு மாதச் சான்றிதழ் படிப்புகளைத் தமிழில் நடத்துகிறது. காளான் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு போன்ற பாடங்கள் அதில் உண்டு. பாடப் புத்தகத்தை வீட்டில் படித்துவிட்டு, நேரடி வகுப்பு நடக்கும் நாட்களில் போய் வந்தால் போதும். கழனி வேலை கெடாது. தற்போது எந்தப் படிப்புக்குச் சேர்க்கை நடக்கிறது, தகுதி என்ன, கட்டணம் எவ்வளவு என்பதைப் பல்கலைக்கழகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சான்றிதழைவிடச் செய்முறைதான் முக்கியம் என்றால், மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் நடக்கும் குறுகிய காலப் பயிற்சிக்கு முதலில் போய்வருவது நல்லது. குடில் அமைக்கச் செலவு செய்யும் முன், நான்கு படுக்கை தயாரித்துப் பார்த்தால் கை பழகிவிடும். அதன் பிறகு முறையாகப் படித்தால், புத்தகத்தில் உள்ளதும் எளிதாகப் புரியும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். காளான் வளர்ப்புச் சான்றிதழைக் காட்டி உரக்கடை, பூச்சிமருந்துக் கடை லைசென்ஸ் வாங்க முடியாது. அதற்கென்று தனியாகக் கல்வித் தகுதி வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணம் இருந்தால், எந்தப் படிப்பு ஏற்கப்படும் என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுவிட்டுச் சேர வேண்டும். அறுபதாம் நாள் அறுக்க வேண்டியது என்ன என்று தெரிந்துகொண்டுதானே விதைப்பை வாங்குகிறோம். படிப்புக்கும் அதே கணக்குதான்.