பிராண்டு கேட்டு வரும் தம்பிகளுக்குப் பில்லோடு சரக்குக் கொடுப்போம்



திருப்பூர் காதர்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்து வருபவன் நான். பள்ளிப் படிப்போடு தொழிலுக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. முன்பெல்லாம் நம்மிடம் வருகிறவர்கள் வெளியூர் ஜவுளிக் கடைக்காரர்கள், சந்தை வியாபாரிகள், நடைபாதையில் விரித்து விற்பவர்கள். இப்போது வாரம் தவறாமல் இளைஞர்கள் வருகிறார்கள். கடை கிடையாது. கையில் ஒரு செல்போன், வீட்டில் ஓர் அறை, முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ முதல். "ஆன்லைன்ல விக்கப் போறேனுங்க. பிராண்டு சட்டை, பிராண்டு ஷூ என்ன விலைக்கு வருமுங்க?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி.

இவர்களைக் கண்டு முகம் சுளிக்கும் நண்பர்கள் நம்மில் உண்டு. எனக்கு அந்த எண்ணம் இல்லை. இன்று பத்து பீஸ் எடுக்கிறவன் நாளை நூறு டஜன் எடுப்பான். ஆனால் அவன் நாளையும் தொழிலில் இருக்க வேண்டுமே! அது பாதி அவன் கையில், பாதி நம் கையில் இருக்கிறது.

என் தவற்றையே முதலில் சொல்லிவிடுகிறேன். 2019-ல் ஒரு பையன் வந்து வெளிநாட்டுக் கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட் ஒரு லாட் எடுத்தான். "பில் வேண்டாமுங்க, விலையைக் கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க" என்றான். நானும் துண்டுச் சீட்டில் தொகையை எழிதிக் கொடுத்தனுப்பினேன். நான்கு மாதம் கழித்து முகம் வாடி வந்து நின்றான். யாரோ அது போலிச் சரக்கு என்று புகார் செய்ய, அவன் விற்று வந்த ஆன்லைன் தளம் கொள்முதல் பில் கேட்டிருக்கிறது. துண்டுச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். அவர்கள் ஏற்கவில்லை. கணக்கு முடங்கியது, வரவேண்டிய பணமும் நின்றது. சரக்கு அசல்தான். ஆனால் அதை மெய்ப்பிக்க ஒரு காகிதம் இல்லை.

அவன் என்னைத் திட்டவில்லை. "நான்தானுங்களே பில் வேண்டாம்னு கேட்டேன்" என்றான். அதுதான் எனக்குத் தைத்தது. அவனுக்கு வயது இருபத்திரண்டு. நாற்பது வருட அனுபவம் உள்ளவன் நான். யார் யாருக்குச் சொல்லியிருக்க வேண்டும்? அன்று முதல் பில் இல்லாமல் ஒரு பீஸ்கூட என் கடையை விட்டு வெளியே போவதில்லை.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 1999-ம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி, போலிப் பெயர் பொறித்த சரக்கைத் தயாரித்தவர் மட்டுமல்ல, விற்றவரும் குற்றவாளி. 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதம். விற்றவர் தப்ப வேண்டுமானால், தக்க எச்சரிக்கையோடு வாங்கினேன், சந்தேகப்படக் காரணம் இல்லை, இன்னாரிடம்தான் வாங்கினேன் என்று காட்ட வேண்டும். பில் இல்லாதவன் எதைக் காட்டுவான்? பில் கொடுக்காத நாம்தான் அவனை அந்த இக்கட்டில் நிறுத்துகிறோம்.

புதிதாக வருகிறவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியவை சில உண்டு. ஏற்றுமதி ஆர்டருக்குத் தைக்கும்போது சேதாரத்துக்காகச் சில பீஸ்கள் கூடுதலாகத் தைப்பதும், அவை மிஞ்சுவதும், ஆர்டர் ரத்தானால் லாட்டாகவே வெளியே வருவதும் நாம் அறிந்ததே. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்தபோது ஆர்டர்கள் நின்றதையும் கண்டோம். ஆனால் உண்மையான சர்ப்ளஸ் பெரும்பாலும் உடைந்த சைஸில்தான் வரும். எம் இருந்தால் எக்ஸ்எல் இருக்காது, நீலம் இருந்தால் கறுப்பு இருக்காது. "எல்லா சைஸும், எல்லாக் கலரும், எத்தனை வேண்டுமானாலும் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அது சர்ப்ளஸ் அல்ல. எங்கோ புதிதாகத் தைத்து லேபிள் ஒட்டிய சரக்கு.

அசல் சர்ப்ளஸிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆர்டர் கொடுத்த கம்பெனி, மிச்சச் சரக்கைத் தன் பெயரோடு விற்கக் கூடாது, லேபிளை வெட்டித்தான் விற்க வேண்டும் என்று தொழிற்சாலையோடு ஒப்பந்தம் போட்டிருக்கலாம். ஆகவே லேபிளோடு விற்க அனுமதி உண்டா என்று தொழிற்சாலையிடம் எழுத்தில் வாங்க வேண்டும். இல்லையென்றால் வெட்டிய லேபிளோடு, பிராண்டு பெயரைச் சொல்லாமல், துணியின் தரத்தைச் சொல்லி விற்பதே மேல். பிராண்டுதான் வேண்டும் என்பவர் அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் போகட்டும். லாபம் குறைவு, ஆனால் தூக்கம் வரும்.

ஷூ விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் நல்ல தோல் ஷூக்கள் கிடைக்கின்றன. ஆனால் பாலியூரித்தேன் சோல் போட்ட ஷூ வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்தால், காற்றின் ஈரத்திலேயே உள்ளுக்குள் சிதைந்துவிடும். பார்க்கப் புதிதாக இருக்கும், போட்டு நடந்தால் மாவாக உதிரும். தயாரித்த மாதமும் ஆண்டும் பார்க்காமல் ஷூ லாட் எடுக்கக் கூடாது. இடது, வலது இரண்டிலும் சைஸ் ஒன்றா, பெட்டியின் மேல் உள்ள எண்ணும் ஷூவின் உள்ளே உள்ள எண்ணும் பொருந்துகிறதா என்று ஜோடி ஜோடியாகப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. ஆன்லைனில் திரும்பி வரும் சரக்கை இவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். சட்டையின் கொள்முதல் 280 ரூபாய், பேக்கிங் 10, வரி, கமிஷன், கூரியர் சேர்த்து 135. விற்பது 500 ரூபாய்க்கு. பீஸுக்கு 75 ரூபாய் நிற்கும், பத்து பீஸுக்கு 750 என்று பையன் மகிழ்ந்து போகிறான். பத்தில் மூன்று திரும்பினால் மீதி ஏழுக்கு லாபம் 525. திரும்பிய ஒவ்வொன்றுக்கும் போக வரக் கூரியரும் பேக்கிங்கும் 130 என்றால் 390 போயிற்று. மிச்சம் 135. அந்த மூன்றில் ஒன்று அழுக்காகி விற்க முடியாமல் போனால் 145 ரூபாய் நஷ்டம். போலி என்றோ, படத்தில் காட்டியபடி இல்லை என்றோ திரும்பினால், 2020-ம் ஆண்டு மின் வணிக விதிகளின்படி பணத்தைத் திருப்பித் தர மறுக்கவும் முடியாது. அதனால் மார்பளவு, நீளம் இரண்டையும் டேப்பால் அளந்து அங்குலத்தில் போடச் சொல்லுங்கள். வெளிநாட்டு சைஸும் நம் சைஸும் ஒன்றல்ல. ஒரு பீஸைத் துவைத்துப் பார்த்துவிட்டு லாட்டை எடுக்கச் சொல்லுங்கள்.

வரிக்குப் பயந்து பில்லை மறுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கும், அதே விலை வரையுள்ள ஜோடிச் செருப்பு, ஷூவுக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். பதிவு செய்த வியாபாரியானால் கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குட்பட்ட சிறு வியாபாரி மாநிலத்துக்குள் மட்டும் ஆன்லைன் தளங்கள் வழியே விற்றால், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமல் சேர்க்கை எண் பெற்றே விற்கலாம். வெளிமாநிலத்துக்கு அனுப்பினால்தான் பதிவு கட்டாயம். இந்த 5 சதவீதத்தை மிச்சம் பிடிக்கப் போய் முழு முதலையும் இழப்பது எந்த ஊர் கணக்கு?

நம் சங்க உறுப்பினர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் பில் போடுங்கள். அதில் சர்ப்ளஸ், செகண்ட்ஸ், கட் லேபிள் என்று சரக்கின் தன்மையையும் எழுதுங்கள். போலிச் சரக்கை "ஒரிஜினல் மாதிரிதான், யாருக்கும் தெரியாது" என்று சொல்லித் தள்ளுபவர் நம் தெருவில் இருந்தால், சங்கமே அவரை அழைத்துக் கண்டிக்க வேண்டும். அவர் ஒருவர் செய்வதால் ஊரின் பெயரே கெடுகிறது.

அந்தப் பையன் பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டான். நல்ல வியாபாரியாக வந்திருக்க வேண்டியவன். அவனுக்குக் கொடுக்கத் தவறிய பில்லை இனி என் கடைப் படியேறும் ஒவ்வொரு தம்பிக்கும் கொடுப்பேன். நீங்களும் கொடுங்கள்.