பழைய ஏடும் புதிய பூட்டும்

திருகோணமலையிலிருந்து வடக்கே, நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து ஐம்பது கிலோமீற்றருக்கு மேற் சென்றால் புல்மோட்டை வரும். அங்கே கடற்கரை மணலிற் கருமை படர்ந்திருக்கும். அது அழுக்கன்று, இல்மனைற்று என்னும் கனியம். அதிலிருந்து டைட்டேனியமும், சுவருக்குப் பூசும் வெள்ளைச் சாயத்துக்கு வேண்டிய பொருளும் பெறப்படுகின்றன. கருமணல் வெண்ணிறம் ஈனுவது இயற்கையின் வேடிக்கைகளுள் ஒன்று. இம்மணற்றொழிலுக்கென அரசாங்கக் கூட்டுத்தாபனம் அமைந்தது 1957 ஆம் ஆண்டில்.

சென்ற விடுமுறையில் நாம் அவ்வூருக்குப் போயிருந்தோம். எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தியின் இல்லம் அங்குள்ளது. 'எனது ஊரின் தொழில்' என்னும் பொருளில் ஒப்படை எழுதுமாறு நாமே அவளைப் பணித்திருந்தோம். நன்றாகவே எழுதியிருந்தாள். ஆயினும் கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வாக்கியம் எம்மை நிறுத்திவிட்டது. தன் ஊரைப் பற்றிப் பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் எவரும் எதுவும் எழுதியதில்லை என்று முடித்திருந்தாள்.

"யார் சொன்னது, பிள்ளை?" என்றோம்.

"இணையத்திலே தேடிப் பார்த்தேன், சேர். ஒன்றும் வரவில்லை."

அகப்படவில்லை என்பது வேறு; எழுதப்படவில்லை என்பது வேறு. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகத்தானே தோன்றும்? திண்ணையில் அமர்ந்து, அவள் தேடிய வழியை அவளுடைய கைப்பேசியிலேயே மறுபடி நடந்து பார்த்தோம். எந்தத் தளம் என்பது இங்கே வேண்டியதில்லை. குறை பலவற்றுக்கும் பொது.

பழைய இதழ்களுக்குச் செல்லும் வாயில், முதற் பக்கத்தின் அடியிலே பொடி எழுத்தில் ஒளிந்திருந்தது. உள்ளே சென்றால் அண்மைய இதழ்கள் பத்து. அதன்கீழ் 'அடுத்து' என்னும் சொல். 1960 ஆம் ஆண்டை அடைய எத்தனை தடவை 'அடுத்து' என்பதைத் தொட வேண்டும் என்று கணக்கிட நமக்குத் துணிவில்லை. ஓரிதழைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், விட்ட இடத்தில் நில்லாது மீண்டும் முதற் பத்துக்கே கொண்டுபோய் விட்டது. இதழின் கோப்பு எத்துணைப் பெரியது என்ற குறிப்பும் இல்லை. பாதி இறங்குமுன் அன்றைக்கு அவள் வாங்கியிருந்த டேட்டா தீர்ந்தது. தகப்பனார் கடற்றொழில் செய்து தரும் காசு அது.

நிற்க, இக்குறைகளை நாம் பெரிதுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இக்கரையோரத்து வீடுகளின் பெட்டகங்களையும் விட்டுவைக்கவில்லை. இவற்றுக்குத் தப்பிய தாள்களை எவரோ தேடிப் பெற்று, தூசு தட்டி, ஒவ்வொரு பக்கமாக மின்வருடி இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டும், தேடி வந்த பிள்ளை 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டுப் போகிறாள் என்றால் அந்த உழைப்பு யாருக்கு?

பெட்டியில் இட்டுத் தேடினால் வராதா என்று நேயர்கள் கேட்கலாம். மின்வருடிய பக்கம் கணினிக்கு வெறும் படம். அதிலுள்ள எழுத்தைக் கணினி படிக்க வேண்டுமாயின் அதற்குத் தனி மென்பொருள் வேண்டும். அத்தகையவை இன்று தமிழுக்கும் வந்துள்ளன. எனினும் மங்கிய அச்சும், 1978 இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்குமுன் வழங்கிய துதிக்கை ஐகாரமும் அவற்றை இடறச் செய்கின்றன. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் ஏற்றப்பட்ட பக்கங்களின் நிலை இன்னும் விந்தையானது. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றுவது, கணினிக்குள் ஆங்கில எழுத்துகளின் கூட்டம். ஒருங்குறித் தமிழில் எத்தனை முறை தேடினும் அது அகப்படாது.

இவற்றினும் பெரிய தொல்லை நமது எழுத்துக்கூட்டல். இம்மாவட்டத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். திருகோணமலை என்பார் சிலர். திருக்கோணமலை என்பார் சிலர். பழைய தாள்களில் திரிகோணமலை என்றும் காணலாம். மனிதன் மூன்றையும் ஒன்றென்றே அறிவான். கணினி மூன்று ஊர்கள் என்று எண்ணும். புல்மோட்டையோ, அச்சுக்கோப்பவர் கைபட்டுக் காலும் கொம்பும் மாறி எத்தனை வடிவம் எடுத்திருக்குமோ! ஆங்கில எழுத்தில் எழுதினால் தகரத்தை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றொருவர் வேறுவிதமாகவும் எழுதுவர். இலக்கணம் கற்பிப்பவர் என்ற முறையில் எது சரி என்று நாம் வாதிடலாம். ஆவணம் காப்போருக்கு அவ்வாதம் உதவாது. தவறாக எழுதினவனும் தேடியதைப் பெற வேண்டும். பழைய நூலகங்களின் அட்டைப் பட்டியலில் ஒரு பெயரின் கீழ் 'இன்ன பெயரைக் காண்க' என்று எழுதி வைப்பார்களே, அந்த ஒற்றை வரியை இணையத்திலும் எழுதிவைத்தாற் போதும்.

வழி தெரியாமலில்லை. 2005 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் ஈழத்து இணைய நூலகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண். ஆசிரியர், வெளியீட்டாண்டு, பக்கத்தொகை என்பன கொண்ட சிறிய அட்டவணை. வாசிப்பதற்கான கோப்பின் அருகே அது எத்தனை மெகாபைற்று என்ற குறிப்பு. சஞ்சிகையாயின் 'மல்லிகை 1973.05' என்பதுபோல ஆண்டை முன்னும் மாதத்தைப் பின்னும் வைத்துப் பெயரிடுகிறார்கள். அதனால் அகரவரிசைப்படி அடுக்கினாலும் இதழ்கள் தாமாகவே கால ஒழுங்கில் வந்து நிற்கும். எல்லாவற்றினும் மேலாக, இதழ்களின் உள்ளடக்கத்தைக் கட்டுரை கட்டுரையாகத் தட்டச்சு செய்து பக்கத்திலேயே இடுகிறார்கள். இதழ் படமாக இருந்தாலும் கட்டுரைத் தலைப்பு எழுத்தாக இருக்கிறது. தேடுபொறி அதைப் பற்றிக்கொள்கிறது. பெரும் பணம் வேண்டாத வேலை, பொறுமைதான் வேண்டும். அத்தகைய பொறுமையை 1998 ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தாரிடமும் கண்டோம். பழந்தமிழ் நூல்கள் பலவற்றை அவர்கள் தன்னார்வலர் கையாலேயே எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தனர்.

நமக்கு இவ்விடத்தில் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் நினைவுக்கு வருகிறார். கணித ஆசிரியராய் இருந்தவர், 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் அமர்ந்தார். புத்தகத்தைப் பூட்டிக் காப்பதே நூலகர் கடமை என்று பலர் நினைத்திருந்த காலம் அது. அவரோ அலுமாரிகளைத் திறந்து, வாசகரை நேரே புத்தகத்தின்முன் கொண்டுபோய் நிறுத்தினார். 1931 இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவதாக அவர் வைத்தது வாசகரின் நேரத்தைக் காக்கும் கடமையை. இன்றிருந்தால் அந்த 'அடுத்து' என்னும் சொல்லைக் கண்டு என்ன சொல்லியிருப்பாரோ!

தளங்களைப் புதுப்பிப்போரிடம் மற்றொன்றும் சொல்ல வேண்டும். புதுப்பிக்கும்போது பழைய பக்கங்களின் முகவரியை மாற்றிவிடுகிறார்கள். மாணவர்க்கென நாம் குறிப்பேட்டில் எழுதிவைத்த முகவரிகளிற் பாதி இன்று வெறும் பாழ்வாசல்கள். வீடு வெள்ளையடிக்கட்டும், வாசலையேன் பெயர்க்க வேண்டும்?

அன்று மாலை வேறொரு தளத்தில், ஊர்ப் பெயரை நான்கு விதமாக மாற்றி மாற்றி இட்டுப் பார்த்தோம். மூன்றாவது தடவை ஒரு கட்டுரைத் தலைப்பு வந்தது. கோப்பு சிறியதென்றும் குறிப்பிருந்தது. அயல்வீட்டாரின் இணைப்பைக் கேட்டு வாங்கி இறக்கினாள். வாசிக்க அமருமுன் ஒப்படையின் கடைசி வாக்கியத்தைப் பென்சிலால் அடித்துவிட்டு எம்மை நோக்கினாள்.

"திருகோணமலைக்கு நடுவிலே 'க்' வருமா, வராதா, சேர்?"

"பரீட்சையில் ஏதேனும் ஒன்றை எழுது, பிள்ளை. தேடும்போது இரண்டையும் இடு" என்றோம்.