கலியாணப் படத்துக்கு யாருடைய கையொப்பம்?

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கி அம்பாறைக் கரையோரத்தை வாரிச் சென்ற பின், கல்முனையில் ஒரு கைக்குழந்தை உயிரோடு மீட்கப்பட்டு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டது. அன்று அனுமதிக்கப்பட்டவர்களின் வரிசையில் 81 ஆவது என்பதால், அந்த இலக்கமே குழந்தையின் பெயராயிற்று. ஒன்பது தம்பதியர் உரிமை கோருகிறார்கள் என்ற செய்தி பரவ, உலகத்துக் கமராக்கள் கல்முனைக்கு வந்து குவிந்தன. நீதிமன்ற உத்தரவின்படி மரபணுப் பரிசோதனை நடந்து, 2005 பெப்ரவரியில் பிள்ளை பெற்றோரிடம் சேர்ந்தது. சில வாரங்களில் குடும்பமே நியூயோர்க்கின் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் இருந்தது. பாடசாலையில் அந்த இலக்கத்தைச் சொல்லியே தன்னைக் கேலி செய்தார்கள் என்று, வளர்ந்த பின் அவரே செய்தியாளர்களிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தப் படங்கள் பேரழிவின் கொடுமையை உலகுக்குக் காட்டின. செய்தியாளர்கள் தம் வேலையைச் செய்தார்கள்; அதில் குற்றம் காண வரவில்லை. ஆனால் படம் எடுத்தவர்கள் அடுத்த ஊருக்குப் போன பிறகும், வெளியே போன முகத்தின் பாரத்தைச் சுமந்தவர் அந்தப் பிள்ளைதான். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அதே அலை, எத்தனையோ வீடுகளின் அல்பங்களையும் கொண்டுபோனது. இறந்த பிள்ளையின் ஒரேயொரு படத்துக்காக உறவினர் வீடுகளில் ஏறி இறங்கிய உம்மாமார் வாழும் கரை இது. படத்தின் அருமையை இந்த ஊர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. படத்தின் உரிமையைப் பற்றித்தான் நாம் இன்னும் பேசத் தொடங்கவில்லை.

பேசவேண்டிய இடம் கலியாண வீடு. மருதமுனை முதல் பொத்துவில் வரை இன்று கமராக்காரர் இல்லாத கலியாணம் அரிது. நிக்காஹ், வலீமா, மருதோன்றி இரவு, பெண் வீட்டு மேடை, கடற்கரையில் எடுக்கும் 'அவுட்டோர்' என்று ஆயிரக்கணக்கில் படங்கள் சேர்கின்றன. ஸ்டூடியோவுடன் பேசி முற்பணம் கொடுப்பவர் பெரும்பாலும் வாப்பா அல்லது காக்கா, இல்லையென்றால் மாப்பிள்ளை. பேசப்படுவது தொகை, அல்பத்தின் பக்கங்கள், வீடியோவின் நீளம். படங்கள் வேறெங்கே போகலாம் என்ற பேச்சே எழுவதில்லை. கலியாணம் முடிந்து அல்பம் கைக்கு வருமுன்பே ஸ்டூடியோவின் பேஸ்புக் பக்கத்தில் மணப்பெண் வந்துவிடுகிறாள். அலங்காரம் செய்தவர் தன் பக்கத்தில் போடுகிறார். உடுப்பு வாடகைக்குக் கொடுத்த கடையும் மேடை அலங்கரித்தவரும் பகிர்கிறார்கள். ஒரு குடும்பத்தின் நாள் நான்கு வியாபாரங்களின் விளம்பரமாகிறது. பெண்கள் பகுதிக்குப் பெண் படப்பிடிப்பாளரையே அழைக்கும் நல்ல வழக்கம் பரவி வருகிறது. ஆனால் அவர் எடுத்த படம் பிறகு யாருடைய கணினியில் இறங்குகிறது, யார் அதைத் திருத்துகிறார், எத்தனை காலம் அங்கே கிடக்கிறது என்று கேட்கும் வழக்கம் இன்னும் வரவில்லை.

நான் சொல்ல விரும்புவது இதுதான்: படம் எடுக்கச் சம்மதித்தவர் அதை வெளியிடவும் சம்மதித்தவர் ஆகமாட்டார். இவை இரண்டும் வெவ்வேறு அனுமதிகள். இரண்டாவது அனுமதி எழுத்தில் இருக்கவேண்டும். படத்தில் இருப்பவரே, குறிப்பாக மணப்பெண்ணே, அதில் கையொப்பமிட வேண்டும்.

"எங்கள் பணம், எங்கள் படம்" என்று குடும்பங்கள் நினைக்கின்றன. இலங்கைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்பின் பொருளாதார உரிமைகள் முதலில் அதை உருவாக்கியவருக்கே உரியவை. ஊழியராக வேலை செய்து எடுத்திருந்தால் அவரது எஜமானருக்கு. அந்த உரிமை எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். இந்தியாவில் நிலை வேறு. 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கூலி கொடுத்து எடுப்பித்த படத்தின் முதல் உரிமையை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், எடுப்பித்தவருக்கே கொடுக்கிறது. ஒரு நாட்டில் கமரா பிடித்தவர், மற்ற நாட்டில் காசு கொடுத்தவர். இரண்டு கணக்கிலும் முகத்துக்குச் சொந்தக்காரி வெளியேதான் நிற்கிறாள்.

அவளுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. 1888 இல் இங்கிலாந்தின் ரொச்செஸ்டர் நகரில் ஒரு பெண் காசு கொடுத்துத் தன்னைப் படமெடுப்பித்தார். கடைக்காரர் அந்தப் படத்தைக் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையாக்கிக் கண்ணாடிக்குள் காட்சிக்கு வைத்தார். வாடிக்கையாளருக்காக எடுத்த படத்தை வேறு எதற்கும் பயன்படுத்துவதில்லை என்ற உடன்பாடு, எழுதாவிட்டாலும் அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குள் அடங்கியிருக்கிறது என்று கூறி நீதிமன்றம் அதைத் தடுத்தது. இன்று பிரித்தானியாவின் 1988 ஆம் ஆண்டுச் சட்டம், குடும்பத் தேவைக்காகப் படம் எடுப்பித்தவருக்கு அதைப் பொதுவில் வெளியிடாமல் தடுக்கும் உரிமையைத் தெளிவாகவே கொடுத்திருக்கிறது.

எமக்கு இன்னும் நெருக்கமான தீர்ப்பு தென்னாபிரிக்காவில் இருக்கிறது. இலங்கையைப் போலவே அங்கும் உரோமன் டச்சுச் சட்டம் வேரூன்றியிருக்கிறது. ஒருவரின் கண்ணியத்துக்கு நேரும் இழுக்குக்குப் பரிகாரம் கேட்கும் வழி அந்த மரபில் உண்டு. 1954 இல் கேப் நகரில் தீர்க்கப்பட்ட வழக்கு ஒன்றில், வானொலியில் பெயர்பெற்ற ஒரு பெண், துப்பாக்கி சுடும் இடத்தில் செய்திக்காகத் தன்னைப் படமெடுக்க இணங்கியிருந்தார். அதே படம் துப்பாக்கி வியாபாரியின் விளம்பரத்தில் வந்தது. செய்திக்குக் கொடுத்த சம்மதம் விளம்பரத்துக்குச் செல்லாது என்பதே தீர்ப்பின் சாரம். கல்முனையின் ஒரு மணப்பெண்ணுக்காக வாதாட எழும் சட்டத்தரணிக்கு இந்த மரபு அந்நியமானதல்ல.

ஆனாலும் வழக்கு என்பது கடைசி வழி. வழக்குப் போடுவதென்றால் மறைக்க விரும்பிய படத்தையே மன்றில் காட்டி ஊர் முழுதும் பேசவைக்க வேண்டும்; நம் ஊர்களில் எந்தக் குடும்பமும் அதற்குத் துணியாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தெளிவான சம்மதத்தையும் கொடுத்த சம்மதத்தை மீளப்பெறும் உரிமையையும் பேசுகிறது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரும் நாளோ தள்ளிப்போடப்பட்டது. 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நம்பலாமா என்றால், கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்ற நியாயமான எதிர்ப்பு அதற்கு உண்டு. முகத்தைக் காக்கப் போய்ப் பேனாவைப் பறிகொடுக்க முடியாது. ஆகவே முதல் வேலி ஒப்பந்தத்தில்தான் இடப்பட வேண்டும்.

இதற்கு எதிர்பாராத ஓரிடத்தில் பாடம் இருக்கிறது. சித்திரக்கதை, திரைப்படப் பாத்திரங்களைப் போல உடையணிந்து இளைஞர்கள் கூடும் விழாக்கள் உலகெங்கும் நடக்கின்றன. கொழும்பிலும் 2015 முதல் லங்கா கொமிக் கொன் என்ற பெயரில் நடந்திருக்கிறது. கொஸ்பிளே எனப்படும் இந்தக் கலையில் ஈடுபடுவோர் பிறர் பார்க்கவேண்டும் என்றே உடுத்தி வருபவர்கள். அப்படியிருந்தும், டோக்கியோவின் கொமிக்கெற் சந்தையில் அவர்களுக்கென்று இடம் ஒதுக்கி, கேட்ட பின்பே படமெடுக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நியூயோர்க் கொமிக் கொன் விழாவில் 2014 இல், ஒருவர் வேடம் அணிந்திருப்பதாலேயே எதற்கும் சம்மதித்துவிட்டதாக எண்ணக்கூடாது என்ற அறிவித்தல்கள் வைக்கப்பட்டன. படத்தை விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ பயன்படுத்துவதானால் தனியாக எழுதி வாங்கும் வழக்கத்துக்கு நியூயோர்க் மாநிலத்தில் நெடிய வரலாறு உண்டு. ஓர் இளம்பெண்ணின் படம் அனுமதியின்றி 25,000 மாவு விளம்பரத் தாள்களில் அச்சாகி, 1902 இல் அவள் வழக்கில் தோற்றாள். மக்கள் கொதித்தெழ, மறு ஆண்டே எழுத்துமூலச் சம்மதத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது.

ஊரே பார்க்க வேடமிட்டு வருபவரிடமே கேட்டுத்தான் எடுக்கவேண்டும் என்றால், தன் வீட்டாரும் உறவினரும் பார்க்க அலங்கரித்துக்கொண்ட பெண்ணிடம் எத்தனை மடங்கு கேட்கவேண்டும்?

இங்கே "மணப்பெண்ணே" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் நடக்கும் பதிவில் மணப்பெண்ணின் பாதுகாவலரான வலியின் கையொப்பம் இருக்கிறது. மணப்பெண்ணின் கையொப்பம் கட்டாயமில்லை. இதை மாற்றவேண்டும் என்று பெண்கள் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு 2018 இல்தான் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகும் விவாதம் ஓயவில்லை. அந்த விவாதத்தில் யார் எந்தப் பக்கம் நின்றாலும் சரி, கலியாணப் படத்தின் ஒப்பந்தத்தில் பெண் கையொப்பமிடப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. எந்த மார்க்கத் தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நிக்காஹ்வுக்கு அவளுடைய சம்மதத்தைக் கேட்பது மார்க்கம் வகுத்த கடமை. சீதனமாகக் கொடுக்கும் வீட்டின் உறுதியை மகளின் பெயரில் எழுதும் வழக்கமும் இந்தக் கரையில் உண்டு. வீட்டை அவள் பெயரில் எழுதிவிட்டு, முகத்தின் உறுதியை மட்டும் ஸ்டூடியோவின் பெயரில் எழுதிக் கொடுப்பது என்ன நியாயம்?

கலியாணம் முறிந்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். இத்தாவும் முடிந்து புது வாழ்வுக்குக் காத்திருப்பவளின் பழைய மணக்கோலம், ஒரு ஸ்டூடியோவின் விளம்பரத்தில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தால் அவள் யாரிடம் முறையிடுவாள்? அன்று முற்பணம் கட்டியவரிடம் கேட்டால், எதற்கும் கையொப்பம் வைத்ததாக அவருக்கு நினைவிருக்காது. ஆபத்து அதோடு நிற்பதில்லை: இன்று ஒரு தெளிவான முகப்படம் கிடைத்தால் போதும். கணினியால் அதை வேறு உடலில் ஒட்டிப் பொய்ப்படம் செய்யலாம். பொதுவெளியில் விட்ட ஒவ்வொரு படமும் அப்படிச் செய்யும் கயவர்களுக்குக் கிடைத்த மூலப்பொருள்.

மறுபக்கத்தின் நியாயத்தையும் கேட்கவேண்டும். கடன்பட்டுக் கமரா வாங்கி, இரவிரவாகக் கண்விழித்துப் படம் திருத்தும் இளைஞர்கள் இந்த ஊர்களின் உழைப்பாளிகள். செய்த வேலையைக் காட்டாமல் அடுத்த வேலை வராது என்பது உண்மை. அவர்களுடைய பெயரை வெட்டிவிட்டுப் படத்தைப் பகிர்வதும், மீதிப் பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிப்பதும் வாடிக்கையாளர் செய்யும் அநியாயங்கள். எழுத்து ஒப்பந்தம் அவர்களுக்கும் கவசம்தான். வெளியிடச் சம்மதிப்பவருக்குக் கட்டணத்தில் ஒரு பங்கைக் குறைக்கலாம். அப்போது சம்மதத்துக்கு ஒரு விலை உண்டென்பது இரு தரப்புக்கும் விளங்கும். சம்மதிக்காதவரின் கலியாணத்திலும் மருதோன்றிக் கைகள், மேடை அலங்காரம், முகம் தெரியாத கோணங்கள் என்று காட்டுவதற்கு எவ்வளவோ உண்டு. பெண்களின் படம் பத்திரமாக இருக்கும் என்று பெயரெடுத்த ஸ்டூடியோவை இந்தக் கரையில் உம்மாமாரே தேடிப் போவார்கள். அதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை.

ஒப்பந்தம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை; எளிய தமிழில் இருந்தால் போதும். பெண்கள் பகுதியில் யார் எடுப்பார், அந்தப் படங்களை யார் திருத்துவார் என்பது முதலில். கோப்புகளை எத்தனை மாதம் வைத்திருந்து எப்போது அழிப்பார் என்பது அடுத்தது. கடைக் கண்ணாடி, பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், அச்சு விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆம், இல்லை என்ற கட்டங்கள் வேண்டும். அலங்காரக்காரருக்கோ உடுப்புக் கடைக்கோ படத்தைக் கொடுப்பதானால் அதற்கும் தனிக் கட்டம். எதுவும் நிரப்பப்படாவிட்டால் 'இல்லை' என்றே கொள்ளவேண்டும். பின்னொரு நாள் மனம் மாறினால், காரணம் கேட்காமல் குறித்த நாட்களுக்குள் அகற்றுவதாக ஒரு வரி. கீழே மணமகள், மணமகன் இருவரின் கையொப்பமும்.

இதே அளவுகோல் நிவாரணப் படங்களுக்கும் பொருந்தும். வெள்ளத்திலும் பொருளாதார நெருக்கடியிலும் உலருணவுப் பொதி வாங்கும் ஏழைத் தாயிடம் கமராவை நீட்டுவோர், அவளால் அந்த நேரத்தில் மறுக்க முடியுமா என்று எண்ணவேண்டும். மறுக்க முடியாதவரின் மௌனம் சம்மதமாகாது. நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டப் பொதிகளின் படமும் பெயர்ப் பட்டியலும் போதும்.

தொடங்கவேண்டியவர்கள் அருகிலேயே இருக்கிறார்கள். கல்முனைச் சட்டத்தரணிகள் சிலர் அமர்ந்தால் அந்த ஒரு பக்கத்தை ஒரு மாலையில் எழுதிவிடலாம். திருமண மண்டபங்கள் பதிவின்போதே அதன் பிரதியைக் கொடுக்கலாம். பிறருடைய படம் அமானிதம், அதைக் கைமாற்றுவது மோசடி என்று ஜும்ஆ மேடையில் ஒரு வெள்ளிக்கிழமை சொல்லப்பட்டால், நூறு சட்டப் பிரிவுகள் செய்யாததை அது செய்யும். வீட்டில் கலியாணம் பேசும் வாப்பாமார் செய்யவேண்டியது இன்னும் எளிது: ஸ்டூடியோவுக்கு முற்பணம் கொடுக்குமுன் அந்தத் தாளை மகளின் கையில் கொடுங்கள். அவள் வாசிக்கட்டும், கேள்வி கேட்கட்டும், கட்டங்களைத் தானே நிரப்பட்டும். முற்பணம் அதன் பிறகு போகட்டும்.